காமிரா உடலும் தொலை லென்ஸும்: ஒரு வழக்கின் வரலாறு

காமிரா பழகியோரிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கொன்று உண்டு. தொலைவில் அமர்ந்த பறவையையோ, திடலின் மறுகோடியில் ஓடும் வீரனையோ கையிலுள்ள கருவியால் விரும்பியவாறு படமெடுக்க இயலவில்லை. எதனை முதலில் மாற்றுவது? காமிராவின் உடலையா, அதன் முகப்பில் பூட்டும் லென்ஸையா? இரண்டையும் ஒருங்கே மாற்றப் பணம் போதாது என்பதே இவ்வழக்கின் வேர். மூத்தோர் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வர்: லென்ஸுக்குச் செலவிடுக, உடல் இன்று வரும், நாளை போகும் என்பர். இத்தீர்ப்பு பிறந்த காலத்தில் முழு உண்மையாகவே இருந்தது. இடையில் ஒரு காலம் அது பாதி உண்மையாகத் தேய்ந்தது. அதன்பின் வேறொரு வகையில் மீண்டும் உயிர் பெற்றது. இம்மாற்றங்கள் நிகழ்ந்த வரலாறு, கடைக்காரர் சொல்லும் எண்களைக் காட்டிலும் சுவையுடையது, பயனும் உடையது.

1839ஆம் ஆண்டில் டகேர் தம் முறையைப் பாரிஸ் நகரில் உலகறிய வெளியிட்டபோது காமிரா என்பது ஒரு மரப்பெட்டி. தச்சர் எவரும் செய்யத்தக்கது. அதன் உயிரெல்லாம் முகப்பிலிருந்த கண்ணாடியில் இருந்தது. அக்கண்ணாடியோ மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டது. வெயிலில் அமர்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்த்தவர் தச்சர் அல்லர். வியன்னாப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால். பீரங்கிப் படையில் கணக்கிடுவதில் தேர்ந்தோர் சிலரைத் துணையாகப் பெற்று, ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் கண்ணாடியில் எவ்வாறு வளையும் என்று தாளில் கணக்கிட்டே 1840இல் அவர் தம் லென்ஸை வகுத்தார். அதைச் செய்து விற்றவர் வொய்க்லண்டர். முன்னைய லென்ஸைக் காட்டிலும் பன்மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. மனித முகத்தைப் படமெடுப்பது அதன் பின்னரே ஒரு தொழிலாயிற்று. பேராசிரியருக்கும் வணிகருக்கும் பின்னர் மூண்ட பகை வேறு கதை. ஈண்டு வேண்டுவது ஒன்றே: காமிராக் கலையின் முதற் பெரும் பாய்ச்சல் லென்ஸில் நிகழ்ந்தது, பெட்டியில் அன்று.

தொலைப்பொருளைப் பெரிதாக்கிய கதை

பொருள் எத்துணைப் பெரிதாகப் படத்தில் விழும் என்பதை முடிவு செய்வது லென்ஸின் குவியத் தூரம். வானத்து நிலவை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸில் நிலவின் உருவம் அரை மில்லிமீட்டர்கூட இராது; ஒரு புள்ளி எனலாம். 500 மில்லிமீட்டர் லென்ஸில் அது நாலரை மில்லிமீட்டர் அளவினதாகும். குவியத் தூரம் பத்து மடங்கானால் உருவமும் பத்து மடங்கு. இதில் மாயம் ஏதும் இல்லை. ஆயின், தனியொரு குவி லென்ஸைக் கொண்டு இதைச் செய்ய முற்பட்டால், லென்ஸுக்கும் படத் தகட்டுக்கும் இடையே அக்குவியத் தூரம் முழுவதையும் விட வேண்டும். அரை மீட்டர் நீளத் துருத்தியைத் தாங்கும் காமிராவை மலைமேல் ஏற்றுவது எளிதன்று.

இதற்குரிய வழியை யோஹான்னஸ் கெப்ளர் 1611ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். முன்னே ஒரு குவி லென்ஸ். பின்னே ஒரு குழி லென்ஸ். விரைந்து குவிய ஓடும் கதிர்களைக் குழி லென்ஸ் சற்றே அகலச் செய்து, அவை நெடுந்தொலைவிலிருந்து வந்தவை போலத் தோன்றச் செய்கிறது. குழாய் குறுகுகிறது; உருவமோ பெரிதாகவே விழுகிறது. இவ்வுண்மை நூலில் இருந்தும், காமிராவுக்கு அதைக் கொணர்வதற்கு ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆயின. கொணர்ந்தபோது ஒருவர் அல்லர், மூவர் கொணர்ந்தனர். இலண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மெயர், மியூனிக்கில் அடால்ப் ஸ்டைன்ஹைல், பெர்லினில் அடால்ப் மீத்தே ஆகிய மூவரும் 1891ஆம் ஆண்டில் தனித்தனியே இவ்வமைப்பை அறிவித்தனர். டால்மெயர் 1899இல் இத்துறைக்கெனவே ஒரு நூலும் எழுதினார். டெலிபோட்டோ என்னும் சொல் முறைப்படி இவ்விரட்டை அமைப்பையே குறிக்கும். நாளடைவில் நீண்ட லென்ஸ் எதுவாயினும் அதற்கு இப்பெயரையே இட்டு வழங்குதல் வழக்காகிவிட்டது. கடைத்தெருவில் இலக்கணம் நிலைப்பது அரிது.

நீளத்தைக் குறைக்கலாம்; அகலத்தைக் குறைக்க இயலாது. எப்/4 என்னும் குறி, குவியத் தூரத்தை நான்கால் வகுத்த அளவு ஒளிபுகு விட்டம் உண்டு என்பதைச் சொல்வது. 600 மில்லிமீட்டர் லென்ஸ் எப்/4 ஆக வேண்டின், முகப்புக் கண்ணாடி 150 மில்லிமீட்டர் அகலமேனும் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஒரு சாப்பாட்டுத் தட்டின் நடுப்பகுதி அளவு. அத்தனையும் குறையற்ற கண்ணாடி. பெரிய லென்ஸ்களின் எடைக்கும் விலைக்கும் இதுவே காரணம். வணிகரின் பேராசை ஓரளவு சேர்ந்திருக்கலாம் எனினும், பெரும்பங்கு இயற்கை விதியினுடையது.

உடலும் லென்ஸும் பிரிந்தமை

ஆஸ்கர் பார்னாக் வகுத்த லைக்கா காமிரா 1925இல் லைப்ஸிக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அதன் லென்ஸ் உடலோடு ஒட்டியே இருந்தது. 1930இல் அது திருகிக் கழற்றத்தக்கதாயிற்று. மறு ஆண்டே எந்த லைக்கா லென்ஸும் எந்த லைக்கா உடலிலும் பொருந்துமாறு அளவு ஒழுங்கு செய்யப்பட்டது. உடலா லென்ஸா என்னும் வழக்கு உண்மையில் பிறந்தது அப்போதுதான். ஒட்டியிருக்கும் இரண்டில் எதை மாற்றுவது என்ற கேள்வி எழாதன்றோ!

லைக்கா வகைக் காமிராக்களில் காண்பதற்கு ஒரு சாளரம், படமெடுப்பதற்கு ஒரு லென்ஸ். தூரத்தை அளந்து குவிக்கும் அவ்வமைப்பு, லென்ஸ் நீளமாக ஆக நுட்பம் போதாமல் தடுமாறும். 135 மில்லிமீட்டர் அளவே அதற்கு எல்லை எனலாம். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளுக்கென ஸைஸ் நிறுவனத்தார் செய்த 180 மில்லிமீட்டர் லென்ஸ் இவ்வெல்லையைத் தாண்டிய முயற்சி. அதே 1936இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த கைன் எக்ஸக்டா என்னும் காமிரா, லென்ஸ் காணும் காட்சியையே ஒரு கண்ணாடி வழியாகக் கண்ணுக்குக் காட்டியது. 1949இல் வந்த கான்டாக்ஸ் எஸ், ஐம்பக்கக் கண்ணாடிக் கட்டி ஒன்றை மேலே வைத்து, இடவலம் மாறாத காட்சியைக் கண்ணுக்கு நேரே தந்தது. இனி லென்ஸ் எத்துணை நீண்டாலும் உடல் அதற்கு ஈடுகொடுக்கும். தொலை லென்ஸ் பொதுமக்கள் கைக்கு வந்தது இவ்வுடலால்தான் என்பதை, லென்ஸே பெரிது என்று வாதிடுவோர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

இனி ஜப்பானுக்கு வருதல் வேண்டும். நிக்கான் காமிராக்களைச் செய்யும் நிறுவனம் 1917இல் நிப்பான் கோகாக்கு என்னும் பெயரில் தோன்றியது. பிற்காலத்தில் அதற்கு நேர்ப்போட்டியாக விளங்கிய கானன், முதலில் காமிரா உடலை மட்டுமே செய்யவல்லதாய் இருந்தது. 1936இல் விற்பனைக்கிருந்த ஹன்ஸா கானன் காமிராவில் பூட்டியிருந்தது நிப்பான் கோகாக்குவின் நிக்கோர் லென்ஸ். இன்று ஒன்றையொன்று பழிக்கும் இரு கட்சியாரும் இச்செய்தியை அறிந்தால் சற்று அமைதி அடைவர். கானன் என்ற பெயரிலும் ஒரு சுவை உண்டு. 1934இல் செய்த மாதிரிக் கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் குவானான். கருணைத் தெய்வமாகிய கன்னானின் பெயர். கன்னான் என்பது அவலோகிதேசுவரரே. அந்த அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் கூறுவதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர்.

ஜப்பானிய லென்ஸின் பெருமையை உலகம் அறிந்தது, உடலும் லென்ஸும் பிரிந்திருந்த காரணத்தால் என்பது கருதத்தக்கது. 1950ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லைப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிக்கி அவரை 85 மில்லிமீட்டர் நிக்கோர் லென்ஸால் ஒரு படம் எடுத்தார். அப்படத்தின் தெளிவு டங்கனை வியப்பில் ஆழ்த்தியது. அவர் நிப்பான் கோகாக்கு ஆலைக்கே சென்று லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்தார். அம்மாதம் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. டங்கன் தம் பழைய லைக்கா உடல்களைக் கைவிடவில்லை. அவற்றில் நிக்கோர் லென்ஸ்களைத் திருகிக்கொண்டு போர்முனைக்குச் சென்றார். நியூயார்க் அலுவலகத்தில் அப்படங்களைக் கண்டோர் அவற்றின் கூர்மையைப் பேசத் தொடங்கினர். டிசம்பர் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளேடும் இதைச் செய்தியாக வெளியிட்டது. உடலை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றிய ஒருவரின் செயல், ஒரு நாட்டின் தொழிலுக்கே வாயில் திறந்துவிட்டது. மூத்தோர் தீர்ப்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இணைப்பு வளையத்தை மாற்றியவரும் மாற்றாதவரும்

1959ஆம் ஆண்டில் நிக்கான் எப் வெளிவந்தது. லென்ஸை உடலோடு பூட்டும் வளையம், மவுண்ட் என்று கடைக்காரர் சொல்வது, அதில் 44 மில்லிமீட்டர் விட்டமுடையது. வளையத்திலிருந்து படச்சுருள் வரை 46.5 மில்லிமீட்டர். இவ்விரண்டு எண்களும் அறுபது ஆண்டுகள் மாறவில்லை. அதே ஆண்டில் கானன் நிறுவனமும் கானன்பிளெக்ஸ் என்னும் காமிராவை வெளியிட்டது. அதன் வளையம் படிப்படியே திருந்தி 1971இல் எப்.டி. என்னும் முறையாயிற்று. எப்.டி. லென்ஸ்கள் ஏராளமாக விற்றன.

1985இல் மினோல்டா 7000 என்னும் காமிரா, விரலை வைத்தவுடன் தானே குவித்துக்கொள்ளும் ஆற்றலோடு வந்து இரு நிறுவனங்களையும் திடுக்கிடச் செய்தது. நிக்கான், பழைய வளையத்தை வைத்துக்கொண்டு உடலுக்குள் ஒரு மோட்டாரையும், அதிலிருந்து லென்ஸைச் சுழற்ற ஒரு சிறு தண்டையும் அமைத்தது. கானன் முதலில் அதே ஆண்டில் டி80 என்னும் காமிராவால் ஒட்டுப்போட்டுப் பார்த்தது, தேறவில்லை. எனவே 1987 மார்ச்சில் ஈ.ஓ.எஸ். 650 காமிராவோடு வளையத்தையே மாற்றிவிட்டது. புதிய ஈ.எப். வளையம் 54 மில்லிமீட்டர் அகலமுடையது. தண்டோ நெம்புகோலோ இல்லை. உடலும் லென்ஸும் மின்சாரத்தால் மட்டுமே பேசிக்கொள்ளும். மோட்டார் ஒவ்வொரு லென்ஸினுள்ளும் அதற்கேற்ற வலிமையோடு வைக்கப்பட்டது.

ஆண்டுக்கணக்கில் சேமித்து எப்.டி. தொலை லென்ஸ் வாங்கியவர் நிலை என்ன? எப்.டி. முறையில் வளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 42 மில்லிமீட்டர், ஈ.எப். முறையில் 44. இரண்டே மில்லிமீட்டர் வேறுபாடு. அதனால் பழைய லென்ஸைப் புதிய உடலில் வெறும் வளையத்தால் பொருத்தினால் அருகிலுள்ளவை தெரியும். தொடுவானம் ஒருபோதும் தெளியாது. தொலைவைக் காட்டுவதற்கென்றே பிறந்த லென்ஸுக்குத் தொலைவே மறைந்துபோயிற்று. நீண்ட லென்ஸ் சிலவற்றுக்கு மட்டும், இடையே கண்ணாடி வைத்த மாற்றி ஒன்றை நிறுவனத்தார் சிறு எண்ணிக்கையில் செய்தனர். ஏனையோர் கைவிடப்பட்டனர். இதில் ஒரு முரணும் உண்டு. நிக்கானின் 46.5 மில்லிமீட்டர், 44ஐ விடப் பெரிது. ஆதலின் பழைய நிக்கோர் லென்ஸ் ஒரு வெறும் வளையத்தோடு கானனின் புதிய உடலில் தொடுவானம் வரை தெளிவாகக் காட்டும். பகைவன் பிள்ளைக்கு இடம் உண்டு. தன் பிள்ளைக்கு இல்லை!

வாங்கியோர் சினந்தது நியாயமே. எனினும் கணக்கைப் பத்தாண்டு கழித்துப் பார்த்தால் தீர்ப்பு வேறாகிறது. பருத்த லென்ஸின் கனமான கண்ணாடிகளை உடலிலிருந்து ஒரு மெல்லிய தண்டால் சுழற்றுவது மந்தம். லென்ஸினுள்ளேயே மோட்டார் இருந்தால் விரைவு. விளையாட்டரங்குகளின் ஓரங்களில் கானனின் வெண்ணிற லென்ஸ்கள் பெருகின. (வெண்மை அழகுக்கன்று, வெயிலின் வெப்பம் உள்ளிருக்கும் புளோரைட் பளிங்கைத் தாக்காதிருக்கச் செய்த ஏற்பாடு.) நிக்கான் தன் பெரிய லென்ஸ்களுக்குள் மோட்டார் வைத்தது 1992இல்தான். அது காத்த பழைமையும் பெயரளவில் நின்ற இடங்கள் உண்டு. 1977க்கு முற்பட்ட லென்ஸ்கள் சிலவற்றைத் திருத்தாமல் புதிய உடலில் பூட்டினால் உடலே பழுதாகும். 2006இல் வந்த டி40 காமிராவில் மோட்டார் இல்லாமையால், தண்டால் சுழலும் லென்ஸ்கள் அதில் தாமே குவியமாட்டா. வாயில் ஒன்றாயினும் வீட்டினுள் எல்லா அறையும் திறவா என்பதே இதன் பொருள். மினோல்டாவின் கதையோ இன்னும் வியப்பு: அந்நிறுவனம் காமிராத் தொழிலை விட்டது, அதன் வளையத்தை 2006இல் ஸோனி எடுத்துக்கொண்டது. 1985இன் லென்ஸ்கள் தம்மைப் பெற்ற நிறுவனத்தையும் கடந்து வாழ்ந்தன.

பிலிம் உடலுக்குள் புகுந்த பின்

மூத்தோர் தீர்ப்பு பிலிம் காலத்தில் ஏன் பழுதின்றி நின்றது? பிலிம் எந்த உடலிலும் ஒன்றே. நல்ல பிலிம் புதிதாக வந்தால் முப்பது ஆண்டுப் பழைய உடலும் அந்நன்மையை அன்றே பெறும். ஆகவே விலைமிகுந்த உடலும் விலைகுறைந்த உடலும், ஒரே லென்ஸைப் பூட்டினால், ஏறக்குறைய ஒரே படத்தைத் தரும். எண்முறைக் காமிரா இதைத் தலைகீழாக்கிற்று. பிலிமின் இடத்தில் சென்ஸார் என்னும் ஒளியுணர் தகடு வந்து உடலுக்குள் நிலையாக அமர்ந்தது. 1991இல் கோடாக் நிறுவனம் நிக்கான் எப்3 உடலை அடிப்படையாகக் கொண்டு செய்த டி.சி.எஸ். காமிராவின் நுண்ணளவு 1.3 மெகாபிக்ஸல், படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே தொங்கவிட வேண்டும். 1999இல் வந்த நிக்கான் டி1 காமிராவில் 2.7 மெகாபிக்ஸல். இத்தகைய உடல்கள் சில ஆண்டுகளிலேயே பழம்பொருளாயின. அக்காலத்தில் உடலை மாற்றியவர் அறிவிலி அல்லர். பிலிமை மாற்றுவதற்கு அதுவன்றி வழியில்லை.

டி1 காமிராவின் தகடு பிலிம் சட்டத்தைவிடச் சிறிது. அதனால் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 450 மில்லிமீட்டர் லென்ஸின் காட்சிப் பரப்பைக் காட்டிற்று. தொலை லென்ஸ் இலவசமாக நீண்டுவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். உண்மையில் லென்ஸ் நீளவில்லை. ஓரம் வெட்டப்பட்டது, அவ்வளவே. ஆயினும் இம்மகிழ்ச்சி முற்றும் பொய்யன்று என்பதை 2007ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு நிக்கான் நிறுவனம் இரு உடல்களை ஒருசேர அறிவித்தது. டி3, பிலிம் அளவுத் தகட்டில் 12.1 மெகாபிக்ஸல்; டி300, சிறு தகட்டில் 12.3. ஒரே மரத்தடியில் ஒரே லென்ஸைக் கொண்டு ஒரே மீன்கொத்தியைப் படமெடுத்தால், பறவையின் மேல் விழும் புள்ளிகள் டி300இல் இரு மடங்கிற்கும் மேல். டி3 தரும் படத்தை அதே பரப்புக்கு வெட்டினால் எஞ்சுவது 5.1 மெகாபிக்ஸலே. அந்தி மயங்கினாலோ நிலை மாறும். பெரும்புள்ளிகளையுடைய டி3 தெளிவோடு நிற்க, டி300இன் படத்தில் மணல் தூவினாற்போல் இரைச்சல் படியும். எது சிறந்த உடல் என்ற கேள்விக்கு, எந்த நேரத்துப் பறவை என்று திருப்பிக் கேட்பதே விடை. விலைப்பட்டியலைப் பார்த்து ஒப்பிடுவோர் தவறவிடுவது இதனையே.

உடல் வளர்ந்தமை லென்ஸின் வடிவையும் மாற்றிற்று. எப்/4 இலிருந்து எப்/5.6க்குச் சென்றால் ஒளி பாதியாகும். தகட்டின் உணர்வு அந்தப் பாதியை ஈடுசெய்ய வல்லதானபோது, சிறிய லென்ஸே போதும் என்ற எண்ணம் வலுத்தது. நிக்கானின் 500 மில்லிமீட்டர் எப்/4 லென்ஸ் 3,090 கிராம் எடையுள்ளது. ஒளி விலகலோடு அலைவிளிம்பு வளைவையும் பயன்படுத்தி 2018இல் செய்த 500 மில்லிமீட்டர் எப்/5.6 லென்ஸ் 1,460 கிராம். கானன் 2020இல் எப்/11 என்ற சிறு துளையுடைய 600, 800 மில்லிமீட்டர் லென்ஸ்களையே வெளியிட்டது. பழைய உடல்கள் அத்துணை மங்கலில் தாமே குவியமாட்டா. புதிய உடல் இருந்தமையால்தான் இந்த லென்ஸ் பிறக்க முடிந்தது. கைந்நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பும் இவ்வாறே இருபுறமும் நடந்தது: 1995இல் கானன் அதை லென்ஸுக்குள் வைத்தது, 2004இல் கோனிக்கா மினோல்டா உடலுக்குள் வைத்தது. உடல் வேறு, லென்ஸ் வேறு என்று பிரித்து விலை பேசுவது கடைக்கு எளிது. கருவிக்குள் அவை அவ்வாறு பிரிந்திருக்கவில்லை.

2018ஆம் ஆண்டில் நிக்கானும் கானனும் நடுவிலிருந்த கண்ணாடியை நீக்கிய காமிராக்களையும், அவற்றோடு புதிய வளையங்களையும் கொணர்ந்தன. நிக்கான் இஸட் முறையில் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே 16 மில்லிமீட்டர், கானன் ஆர்.எப். முறையில் 20. 1959 முதல் மாறாத வளையத்தைக் காத்த நிறுவனமும் இறுதியில் மாறிவிட்டது. ஆயின் 1987இல் நேர்ந்த துன்பம் இம்முறை நேரவில்லை. உடல் மெலிந்துவிட்டமையால் இடையே போதிய இடம் உண்டு. கண்ணாடியற்ற ஒரு மாற்றி வளையமே பழைய லென்ஸைத் தாங்கும். ஈ.எப். தொலை லென்ஸ்கள் புதிய கானன் உடலில் தாமே குவிகின்றன. நிக்கானின் மாற்றியில் மோட்டார் இல்லை. தண்டால் சுழலும் பழைய லென்ஸ்களை அதில் கையால்தான் குவிக்க வேண்டும். பழைய லென்ஸ் வைத்திருப்போர் உடலை மாற்றுமுன் கேட்டறிய வேண்டிய செய்தி இது.

டங்கன் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், 102ஆம் வயதில் மறைந்தார். அவர் லைக்காவில் பூட்டிய திருகு நிக்கோர் லென்ஸ்களுக்கு வேண்டிய இடைவெளி 28.8 மில்லிமீட்டர், நிக்கான் எப் உடல் எதிலும் அவை தொடுவானத்தைக் காட்டியதில்லை. அவர் மறைந்த இரண்டு மாதத்துக்குப் பின் அறிவிக்கப்பட்ட நிக்கான் இஸட் உடலில் காட்டும். 42 மில்லிமீட்டர் வேண்டும் எப்.டி. லென்ஸ்களும் அவ்வாறே. முப்பத்தோராண்டு அலமாரியில் கிடந்த அவை, கானனின் புதிய உடலில் ஒரு சிறு வளையத்தின் உதவியோடு, கையால் குவிக்க, மீண்டும் மலைமுகட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.